ஒரு சான்றிதழ், இரண்டு முத்திரை

குருவிநத்தத்தில் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு மேலே படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இரண்டு திசைகள். வடக்கே போனால் பாகூர் வழியாகப் புதுச்சேரி பஸ் நிலையம். அங்கே வண்டி மாறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. தெற்கே தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கிருந்து சிதம்பரம், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஆற்றுக்கு இக்கரை யூனியன் பிரதேசம், அக்கரை தமிழ்நாடு. பெண் எடுப்பதும் கொடுப்பதும், கரும்பு வெட்ட ஆள் போவதும், கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதும் இரு கரைக்கும் நடுவில் காலகாலமாக நடக்கிறது. மார்க் ஷீட்டுக்கு மட்டும் அந்த ஆறு ஆழம் அதிகம்.

ஒரு வருடம் காலாப்பட்டிலும் ஒரு வருடம் சிதம்பரத்திலும் படித்து, இரண்டு முத்திரையோடு ஒரே பட்டம் வாங்க முடியுமா என்று ஒரு மாணவி கேட்டால், அலுவலகத்தில் அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதே மாணவி மெல்பர்னையோ பர்மிங்காமையோ சொல்லிக் கேட்கட்டும். விதி இருக்கிறது, விளக்கக் கையேடு இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆளும் இருக்கிறது. இந்திய உயர்கல்வியில் தூரத்துச் சொந்தத்தோடு சம்பந்தம் பேசுவது எளிது, அடுத்த வீட்டோடு பேசுவதுதான் கஷ்டம். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் தருவது என்ற முழுக் கேள்வியையும் இந்த விசித்திரத்திலிருந்தே பார்க்கலாம்.

கூட்டுப் பட்டம் என்ற சொல்லை விளம்பரங்கள் கண்டபடி புழங்கிவிட்டதால் முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்ட விதிகள் மூன்று வகைகளைச் சொல்கின்றன. ட்வின்னிங் என்பது இந்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் படித்துக்கொள்ளலாம், அவ்வளவே. கூட்டுப் பட்டத்தில் இரு தரப்பிலும் குறைந்தது 30 சதவீதம் படித்தாக வேண்டும். கையில் வருவது ஒரே சான்றிதழ், அதில் இரண்டு பல்கலைக்கழகங்களின் முத்திரையும் இருக்கும். இரட்டைப் பட்டத்தில் ஒரே படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனிச் சான்றிதழ் தருகின்றன. இந்தியப் பக்கம் குறைந்தது 30 சதவீதம் படித்திருக்க வேண்டும். இதே 2022இல், ஒரு மாணவர் ஒரே சமயத்தில் இரண்டு வெவ்வேறு பட்டப் படிப்புகளில் சேரலாம் என்று மானியக் குழு தனியாக ஒரு வழிகாட்டுதலும் வெளியிட்டது. காலையில் பி.காம்., மாலையில் வேறொன்று என்ற அந்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டும் ஒரே வருடத்தில் வந்ததால் பெற்றோர் மத்தியில் உண்டான குழப்பம் இன்னும் தீரவில்லை.

யார் இப்படிக் கைகோக்கலாம்? இந்தியத் தரப்பு, நாக் என்ற தேசியத் தர மதிப்பீட்டில் 4க்குக் குறைந்தது 3.01 வாங்கியிருக்க வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவின் முதல் 100க்குள் வந்திருக்க வேண்டும். அல்லது சிறப்புமிகு நிறுவனம் என்ற தகுதி இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு டைம்ஸ் அல்லது கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருந்தால் மானியக் குழுவின் முன் அனுமதியே வேண்டாம். மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்றவற்றுக்கு அந்தந்த ஒழுங்குமுறை மன்றத்தின் ஒப்புதல் தனி. ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. இந்தப் பட்டங்களுக்குப் பிறகு தனியாகச் சமநிலைச் சான்றிதழ் தேடி அலையவும் வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் மாணவருக்கு மிகப் பெரிய லாபம்.

ஏன் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது, பிரெஞ்சுப் பட்டயத்தோடு நின்றவர்கள் பலர். பாக்கலோரேயா தேறியவர், பிரெவே வாங்கிய எழுத்தர், 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் படித்து ஊருக்குள் வைத்தியம் பார்த்தவர், சட்டப் பள்ளியில் படித்தவர் என்று பல தரப்பினர். இவர்கள் கையிலிருந்த காகிதத்துக்கு இந்தியாவில் என்ன மதிப்பு? 1956 மே 28 அன்று தில்லியில் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை இதற்காகவே இடம் ஒதுக்கியது. அந்தப் பட்டயங்களை மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் இந்தியப் பட்டங்களுக்குச் சமமாக ஏற்க வேண்டும், எது எதற்குச் சமம் என்பதை இரு நாட்டவரும் உள்ள கல்விக் குழு முடிவு செய்யும், இங்கு வழங்கிய சட்ட, மருத்துவப் பட்டங்களுக்கும் இது பொருந்தும் என்று அது சொன்னது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நிலம், கடன், குடியுரிமை என்று எத்தனையோ தலைபோகிற விஷயங்களுக்கு நடுவில் சான்றிதழ்க் கணக்கும் ஒரு பத்தியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு அரசுகள் ஒன்றன் மதிப்பெண்ணை மற்றொன்று நம்ப ஒப்புக்கொண்ட ஆவணம் அது. கூட்டுப் பட்டத்தின் வேரும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இந்தியாவும் பிரான்ஸும் இதே கேள்வியை நாடு முழுமைக்குமாகத் தீர்க்க 2018 மார்ச் வரை ஆயிற்று. அந்த மாதம் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தில்லி வந்தபோது, கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டனோடு 2022 ஜூலையிலும் ஆஸ்திரேலியாவோடு 2023 மார்ச்சிலும் இதே போன்ற ஏற்பாடுகள் வந்தன.

இன்னும் பின்னால் போனால் பாகூரே ஒரு கல்லூரி ஊர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்த செய்தியைச் சொல்கின்றன. ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி தமிழ். ஏடுகள் பிற்பாடு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கொஞ்சம் வடமேற்கே திருபுவனையில் இருந்த 11ஆம் நூற்றாண்டுக் கல்லூரிக்கு 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள் என்று சோழர் கல்வெட்டு கணக்கே கொடுக்கிறது. மூன்று ஊர் விளைச்சலைச் சேர்த்து ஒரு பள்ளிக்கு முதலில் ஒதுக்கினார்கள், பாடம் பிறகு. இன்றைய ஒப்பந்தங்களில் வரிசை தலைகீழ். கைகுலுக்கல், புகைப்படம், செய்திக் குறிப்பு எல்லாம் ஆன பிறகு, பணம் எங்கிருந்து என்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

பணத்தை முதலில் வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். 1999இல் தொடங்கிய போலோன்யா நடைமுறை, ஒரு வருடப் படிப்பு என்றால் 60 கிரெடிட் என்ற ஒரே அளவுகோலை நாடுகளுக்கிடையே பரப்பியது. 2004இல் எராஸ்மஸ் முண்டஸ் வந்தது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பை நடத்தும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பார். தேர்வானவருக்கு இப்போது மாதம் 1400 யூரோ உதவித்தொகை. உதவித்தொகை பெறுவோரில் இந்தியர்கள் வருடா வருடம் முன்வரிசையில் இருக்கிறார்கள். விமானச் சீட்டுக்கே வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியவர்களுக்கு இந்தத் திட்டம் திறந்த கதவு. காரணம் முத்திரையின் பெருமை அல்ல, அந்த 1400 யூரோ.

அதைவிடப் பாடம் சொல்லும் உதாரணம், பிரான்ஸும் ஜெர்மனியும் 1997இல் வைமாரில் ஒப்பந்தம் செய்து 1999இல் தொடங்கிய பிரெஞ்சு–ஜெர்மன் பல்கலைக்கழகம். தலைமையகம் ஜார்ப்ருக்கன் நகரில். பெயர்தான் பல்கலைக்கழகம், சொந்தமாக வகுப்பறை கிடையாது. இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகளைத் தரம் பார்த்து, பணம் கொடுத்து, மாணவருக்கு அக்கரையில் இருக்கும் காலத்துக்கு உதவித்தொகையும் தருகிறது. ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை போர் செய்த இரண்டு நாடுகள் எல்லைக்கு இரு பக்கமும் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தென்பெண்ணையின் இரு கரைக்கும் நடுவில் அப்படிப் போர் ஒன்றும் நடக்கவில்லை.

ஆசியாவில் கதை வேறு மாதிரி. மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழக இடங்களில் பூமிபுத்ரா முன்னுரிமை போக மிச்சத்துக்குப் போட்டியிட்ட சீன, தமிழ்க் குடும்பங்களுக்கு வழி காட்டியது 1980களில் பரவிய ட்வின்னிங். இரண்டு வருடம் கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், கடைசி வருடம் இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ. வெளிநாட்டில் மூன்று வருடச் செலவு ஒரு வருடமாகச் சுருங்கியது. 1997 நாணய நெருக்கடியில் ரிங்கிட் விழுந்ததும் அந்த ஒரு வருடமும் பலருக்கு எட்டாக்கனி ஆனது. அப்போது வந்ததுதான் அங்கே மூன்று கூட்டல் பூஜ்யம் என்று சொல்கிற ஏற்பாடு: முழுப் படிப்பும் மலேசியாவில், பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பட்டம் வாங்கியது இப்படித்தான். ஆனால் நாளாக ஆக, பாடம் நடத்துபவர் ஒருவர், முத்திரை குத்துபவர் வேறொருவர் என்றான போது தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. முத்திரையை மட்டும் வாடகைக்கு விடும் இந்த வழியை, பிரான்சைஸ் என்று பெயர் சொல்லியே இந்திய விதிகள் தடுத்திருக்கின்றன.

சிங்கப்பூரில் இரண்டு கல்லூரிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டியூக்–என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, அதன் எம்.டி. பட்டத்தில் அமெரிக்காவின் டியூக், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இரண்டுமே கையெழுத்திடுகின்றன. இன்றும் நடக்கிறது. யேல்–என்.யு.எஸ். கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பெயரில் யேல் இருந்தது. பட்டமோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினுடையது மட்டும். 2021 ஆகஸ்டில் ஒருநாள் கல்லூரியை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2025இல் கடைசி வகுப்பு வெளியேறியது. மூடியதற்குக் காரணங்கள் பல சொல்லப்பட்டன, வாதமும் நடந்தது. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது: சான்றிதழில் கையெழுத்திட்டவருக்கு இருக்கும் பொறுப்பு பெயர்ப்பலகைக்கு மட்டும் பெயர் கொடுத்தவருக்கு இருப்பதில்லை.

இந்தியாவில் இது நன்றாக வேர் பிடித்தது ஆராய்ச்சிப் படிப்பில். மும்பை ஐ.ஐ.டி.யும் ஆஸ்திரேலியாவின் மோனாஷும் 2008இல் ஒரு கூட்டு ஆராய்ச்சி அகாடமியை மும்பை வளாகத்திலேயே தொடங்கின. முனைவர் பட்டத்தை இரண்டும் சேர்ந்து தருகின்றன. தில்லி ஐ.ஐ.டி.யும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் 2018இல் அதே பாதையில் வந்தன. முனைவர் படிப்பில் கூட்டுச் சேர்வது எளிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வழிகாட்டிகள் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்பவர்களாக இருப்பார்கள், மாணவர் எண்ணிக்கை குறைவு, பாடத்தாள்களும் குறைவு. மதிப்பெண் மாற்றும் தலைவலி அநேகமாக இல்லை.

முதுகலை, இளங்கலை என்று இறங்க இறங்க வழி கரடுமுரடாகிறது. சென்னை ஐ.ஐ.டி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நிலைத்த ஆற்றல் அமைப்புகளில் கூட்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் துணையோடு பி.எஸ்சி. பிளெண்டட் என்ற இளங்கலைப் படிப்பை நடத்துகிறது. கடல் தாண்டினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், நார்வேயின் மேற்கு நார்வே பல்கலைக்கழகம், கோவை தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை தூய ஆற்றல் தொழில்நுட்பத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன. நார்வே அரசின் நிதித் திட்டம் ஒன்று அதற்குத் தோள் கொடுத்தது. போரில் மின்கம்பியே அறுந்து கிடந்த யாழ்ப்பாணம் சூரிய மின்கல ஆராய்ச்சியில் கோவையோடும் நார்வேயோடும் ஒரே மேசையில் உட்காருவது, இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கூட்டுகளிலும் மனதுக்கு நெருக்கமானது.

உள்நாட்டுக் கூட்டுக்கு ஒரு பழைய முன்மாதிரி தில்லியில் இருக்கிறது. மெட்டா பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2012இல் தில்லிப் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் சேர்ந்து கணிதக் கல்வியில் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கின. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். மெட்ரோவில் ஒருநாளில் போய்வரும் தூரம். அப்படிப்பட்ட சௌகரியம் உள்ள இடத்திலேயே இந்தக் கருத்து ஒன்றிரண்டு படிப்புகளைத் தாண்டிப் பெருகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே மாட்டிக்கொள்கிறது? பெரும்பாலும் துணைவேந்தர் அறையில் இல்லை. தேர்வுப் பிரிவில்.

ஒரு மார்க் ஷீட்டை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். மானியக் குழு சொன்ன பத்துப் புள்ளி அளவில் ஒரு மாணவி சராசரி 7.0 வாங்கியிருக்கிறாள். ஜெர்மனியில் ஒன்றுதான் மிகச் சிறந்த மதிப்பெண். எண் கூடக் கூடத் தரம் குறையும். அங்கே பெரும்பாலும் பயன்படுத்தும் பவேரியச் சூத்திரம் இப்படிப் போகிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழி, அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. அவள் படித்த இடத்தில் தேர்ச்சி 4 என்றால், 10இல் 7 போக 3; அதை 6ஆல் வகுத்தால் அரை; விடை 2.5. தேர்ச்சி 5 என்று வைத்த கல்லூரியாக இருந்தால் வகுப்பது 5ஆல், விடை 2.8. மூளை அதே, உழைப்பு அதே, 7.0 அதே. 2.5 வரைதான் சேர்ப்போம் என்று சொல்லும் ஒரு ஜெர்மன் துறையில் ஒருத்தி உள்ளே, மற்றொருத்தி வெளியே. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று மார்க் ஷீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களா இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் இரண்டு வருடம் தொங்குகிறது.

பிரெஞ்சுக்காரர்களிடம் போனால் 20க்கு மதிப்பெண். 10 வாங்கினால் தேர்ச்சி, 14 வாங்கினால் நன்று, 16க்கு மேல் என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். 14ஐ அப்படியே 70 சதவீதம் என்று மாற்றி எழுதும் இந்திய எழுத்தர், நல்ல மாணவரை நடுத்தரமாக்கிவிடுகிறார். 85 சதவீதம் என்று இங்கிருந்து போன சான்றிதழைப் பார்க்கும் பிரெஞ்சுப் பேராசிரியரோ, இப்படி மதிப்பெண்ணை வாரி வழங்கும் இடமா என்று சந்தேகப்படுகிறார்.

கிரெடிட் கணக்கு இதைவிட நேரானது. தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி இந்தியாவில் ஒரு வருடத்துக்கு 40 கிரெடிட், 1200 மணி நேரம். மூன்று வருட இளங்கலைக்கு 120. ஐரோப்பாவில் வருடத்துக்கு 60. மூன்று வருடத்துக்கு 180. ஆக நம்முடைய 2, அவர்களுடைய 3. ஆனால் ஐரோப்பிய வருடம் என்பது 1500 முதல் 1800 மணி நேர உழைப்பு. நூலகம், வீட்டுப்பாடம், ஆய்வறிக்கை எல்லாம் அதற்குள் அடங்கும். இங்கே வகுப்பில் உட்கார்ந்த மணிதான் மணி என்ற பழக்கம் காகிதத்தில் போய்விட்டாலும் ஊழியர் மனத்திலிருந்து இன்னும் போகவில்லை. இரண்டு வருட முதுகலைக்கு 80 கிரெடிட் என்றால், கூட்டுப் பட்டத்துக்கு இரு தரப்பிலும் தலா 24 கிரெடிட் கட்டாயம். அந்த 24ஐ எந்த செமஸ்டரில் வைப்பது? பிரான்ஸில் செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது, ஆஸ்திரேலியாவில் பிப்ரவரியில், இங்கே ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி, தேர்வு முடிவு தள்ளிப்போய், அரியர் தேர்வு அதன் பின்னால் வரும். நவம்பர் செமஸ்டர் முடிவு பிப்ரவரியில் வந்தால், ஜனவரியில் வெளிநாடு போக வேண்டிய பிள்ளைக்கு எந்தத் தரவரிசையும் உதவாது.

அதற்கு முன்பே ஒரு தடை. மானியக் குழுச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குத்தான். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். வில்லியனூரில் கஸ்தூர்பா மகளிர் கல்லூரி, மதகடிப்பட்டுப் பக்கம் பெருந்தலைவர் காமராஜர் கலைக் கல்லூரி போன்ற இடங்களில். அங்கேயிருக்கும் துறைத்தலைவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும் அவர் தனியாகக் கையெழுத்திட முடியாது. இணைப்பு தந்த பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்று படியேற வேண்டும். ஒரு படிக்கு ஒரு கூட்டம், ஒரு கூட்டத்துக்குப் பல மாதம். இதற்குள் எதிர்த்தரப்பில் பேசிய பேராசிரியர் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஒரு மனிதரின் நட்பில் தொடங்கிய ஒப்பந்தம் அவரோடு ஓய்வு பெறுவதும் இந்த வட்டாரத்தில் பழகிய காட்சிதான்.

இந்த மெதுவான வழியில் பொறுமை இழந்தவர்களுக்காகவே குறுக்கு வழிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு என்று சொல்லி ஆன்லைனில் பட்டம் விற்கும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றி 2023 டிசம்பரில் மானியக் குழுவே எச்சரிக்க வேண்டியதாயிற்று. அங்கீகரிக்காத அந்தக் கூட்டில் வாங்கும் பட்டம் இங்கே செல்லாது என்று அது தெளிவாகச் சொன்னது. பக்கத்தில் யாராவது இரட்டைப் பட்டம் என்று துண்டுப் பிரசுரம் நீட்டினால் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: சான்றிதழில் யார் யார் கையெழுத்து? இரண்டு இடத்திலும் எத்தனை கிரெடிட்? பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

இனி அடுத்த வீட்டுச் சம்பந்தத்துக்கு வருவோம். காலாப்பட்டும் சிதம்பரமும் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பு தொடங்குவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி இட ஒதுக்கீடு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, ஓ.பி.சி.க்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10 சதவீதம். 2013 முதல் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் உள்ள அண்ணாமலையில் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 10 சதவீதம் தமிழ்நாட்டில் கிடையாது. ஒரே சாதிச் சான்றிதழோடு வரும் இரண்டு மச்சான்கள். கடலூர்க்காரர் அக்கரையில் எம்.பி.சி., காலாப்பட்டில் ஓ.பி.சி. குருவிநத்தத்துக்காரர் தன் ஊரில் இடஒதுக்கீடு உள்ளவர். பாலம் தாண்டினால் வெளி மாநிலத்தவர், பொதுப்போட்டிதான். ஒரே படிப்புக்கு எந்தப் பட்டியலை ஒட்டுவது? மெல்பர்னோடு கூட்டு வைத்தால் இந்தச் சிக்கலே வராது. அங்கே கட்டணமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது.

தீர்க்க முடியாததில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்கு இடங்களைத் தன் சட்டப்படி நிரப்பிவிட்டு, பிறகு வகுப்பை ஒன்றாக்கலாம். பிரெஞ்சு–ஜெர்மன் படிப்புகளில் பாதி மாணவர் அங்கிருந்தும் பாதி இங்கிருந்தும் வருவது இப்படித்தான். கல்விக் கட்டணத்தை அவரவர் தாய்ப் பல்கலைக்கழகத்தில் கட்டினால் போதும், மறுபக்கம் தள்ளுபடி என்ற வழக்கமும் அங்கே உண்டு.

சட்டமும் முன்பு போல இறுகிக் கிடக்கவில்லை. 2021இல் வந்த கிரெடிட் வங்கி விதிகள், பட்டம் தரும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட் வாங்கினால் மீதியை வேறு பதிவு செய்த நிறுவனங்களில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. சேர்த்த கிரெடிட் ஏழு வருடம் வரை செல்லும். கணக்குத் தொடங்கி எண் வாங்காத மாணவரைப் பார்ப்பது இப்போது அரிது. ஆனால் வங்கியில் கணக்கு வைத்திருப்பதும் அதில் பணம் போடுவதும் வேறு வேறு. மற்றப் பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டருக்கு இடம் கொடுக்க வேண்டும், விடுதி கொடுக்க வேண்டும், தேர்வு எழுத விட வேண்டும். 2022 விதிகள் வெளிநாட்டுக் கூட்டுக்குப் போட்டுக் கொடுத்த ராஜபாட்டையை உள்நாட்டுக் கூட்டுக்கு இன்னும் யாரும் போடவில்லை. ஒரே சான்றிதழில் இரண்டு இந்திய முத்திரை என்பது இரு தரப்பும் உட்கார்ந்து தாமே எழுதிக்கொள்ள வேண்டிய ஏற்பாடாகவே இருக்கிறது.

எழுதிக்கொள்வதற்குத் தகுந்த பாடமும் கண்ணெதிரில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் மழை கொட்ட, சாத்தனூர் அணையைத் திறக்க, டிசம்பர் முதல் நாட்களில் தென்பெண்ணை இரு கரையிலும் ஏறியது. கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் பாகூர்ப் பக்கத்து வயல்களிலும் நின்றது ஒரே தண்ணீர். எச்சரிக்கை விடுத்தது இரண்டு நிர்வாகங்கள். நிவாரணத் தொகை இரண்டு. சேதக் கணக்கெடுப்பும் இரண்டு. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து இங்கே கடலில் சேரும் ஓர் ஆற்றைப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் போதாது.

இருப்பதை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியம்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்தில் பல தலைமுறை ஆராய்ச்சியோடு இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் புவி அறிவியல் துறை காலாப்பட்டில். அதன் பேரிடர் மேலாண்மைத் துறையும் கடல் உயிரியல் துறையும் எங்கே என்றால் அந்தமான் வளாகத்தில். கடல் தாண்டி அங்கே போய்ப் படிக்கிற பிள்ளைக்கு ஆறு தாண்டிப் பரங்கிப்பேட்டையில் ஒரு செமஸ்டர் படிக்க வழி செய்துகொடுப்பது அவ்வளவு பெரிய காரியமா? ஆறு, கழிமுகம், வெள்ளம் என்று ஒரு கூட்டு முதுகலை; 80 கிரெடிட்டில் இரு தரப்பும் பங்கு போட்டுக்கொள்ளலாம். மதிப்பெண் அளவு இரண்டு இடத்திலும் பத்துப் புள்ளிதான், பவேரியச் சூத்திரம் வேண்டாம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். முதல் களப்பணிக்கு மாணவர்கள் பாகூர் பஸ்ஸில் ஏறிக் குருவிநத்தத்தில் இறங்கினால் போதும். கரையில் நின்று, எந்த வருடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால், சுவரில் கை வைத்துக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.